முப்பத்தைந்து வெள்ளிக் கண்

3 ஜூன், திங்கள்

ஆஸ்பத்திரிக்குப் புதுக் கேமரா வந்து இறங்கியது. இதற்கு ஆளே வேண்டாமாம். தாங்கியில் நாடியை வைத்து நெற்றியை ஒட்டி உட்கார்ந்தால் போதும், தானே கண்ணைத் தேடிப் பிடித்து, தானே விழித்திரையைப் படம் எடுத்துக்கொள்ளுமாம். "மேடம், இனிமே உங்களுக்கு ரெஸ்டுதான்" என்றான் பொருத்த வந்த இன்ஜினியர். பதினோரு வருஷமாகக் கண்ணுக்குள் படம் எடுக்கிறவளிடம் வந்து பேசுகிற பேச்சைப் பார்.

மாலையில் அறை காலியானதும் நானே நாடியை வைத்துப் பார்த்தேன். பெயரும் பதிவெண்ணும் கொடுக்காமல் எடுக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. என் எண்ணைப் போட்டால் ஊழியர் கோப்பில் போய் உட்காரும், எதற்கு வம்பு. மனப்பாடமாகத் தெரிந்த இன்னொரு எண் அம்மாவுடையது. முப்பிடாதி, 4127/88. சாமி படத்துக்குப் பின்னால் சொருகியிருக்கும் அந்த நீல ஆஸ்பத்திரி அட்டையைப் பார்த்துத்தான் நான் எண்களே எழுதப் பழகினேன்.

வலது கண் படம் அருமை. இடது கண் படம் சரியாக வரவில்லை. கேமராவைத்தான் சொல்ல வேண்டும்.

5 ஜூன், புதன்

மறுபடி எடுத்தேன். கேமராவில் கோளாறு இல்லை.

பார்வை நரம்புக்கும் நடு மையத்துக்கும் இடையில் ஒரு மேடு. ஆரஞ்சும் சிவப்புமாக, ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியாமல். மேட்டைச் சுற்றிக் கொஞ்சம் நீர் கோத்திருக்கிறது.

நோயாளிகளுக்கு இந்தப் படத்தைக் காட்டி எத்தனை தடவை சொல்லியிருப்பேன். இப்படி இருந்தால் மூன்றில் ஒன்று. கண்ணிலேயே முளைத்த புற்று. உடம்பில் வேறெங்கோ முளைத்துக் கண்ணுக்கு வந்த புற்று. அல்லது வெறும் ரத்தக்குழாய்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட கட்டி. இந்த மூன்றாவது யாரையும் கொல்லாது, இருந்த இடத்திலேயே இருந்து நீர் கசியும், பார்வையைக் கெடுக்கும். எது என்று சொல்ல டாக்டர் ஹெப்சிபாவுக்கு ஒரு மணி நேரம் போதும். அவர் அறை என் அறையிலிருந்து பன்னிரண்டு அடி.

நான் போகவில்லை. டவுனுக்குப் போய் உளுந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

9 ஜூன், ஞாயிறு

வீட்டை ஒதுங்க வைத்தோம். பரணிலிருந்து அம்மாவின் ஹார்லிக்ஸ் பாட்டிலை இறக்கித் துடைத்தேன். உள்ளே முப்பத்தைந்து வெள்ளிக் கண்கள், எல்லாம் ஒற்றை.

இருக்கன்குடி மாரியம்மன் கோவிலில் கண்ணுக்கு நேர்ந்துகொண்டவர்கள் கண்மலர் போடுவார்கள். மெல்லிய வெள்ளித் தகட்டில் அடித்த கண். வாசல் கடையில் ஜோடியாகத்தான் கொடுப்பான். வருஷா வருஷம் ஆடிக் கடைசி வெள்ளிக்கு அம்மா பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறிப்போய் ஒரு ஜோடி வாங்குவாள். ஒன்றை உண்டியலில் போடுவாள். மற்றதை முந்தானையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவருவாள். ஏன் என்று கேட்டால், "ஆத்தாளுக்கு நான் குடுத்தது ஒரு கண்ணுதான, ஒண்ணுக்குத்தான் நன்றி" என்பாள்.

நான் வயிற்றில் ஆறு மாதமாக இருந்தபோது அம்மாவுக்கு இடது கண் மங்கியது. உள்ளே புற்றுக்கட்டி, கண்ணை எடுத்தால்தான் தாயும் பிள்ளையும் தங்கும் என்று நான் வேலை பார்க்கிற இதே ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எடுத்தார்கள். மூன்று மாதத்தில் நான் பிறந்தேன். அப்பா பம்பாய்க்கு வேலைக்குப் போனவர் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டார். பூரணவல்லி என்ற பெயர் பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் மட்டும் இருந்தது. தெருவில் நான் 'கண்ணத் தின்னு பொறந்தவ'. அம்மா மட்டும் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. "நான் ஒரு கண்ணக் குடுத்து இவள வாங்குனேன்" என்று பெருமையாகச் சொல்லுவாள். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

அம்மாவுக்கு எந்தக் கண்ணோ எனக்கும் அந்தக் கண்.

12 ஜூன், புதன்

கட்டத்தாள்: புள்ளிக்கு இடப்பக்கம் இரண்டு கோடு வளைகிறது. (நடுவில் ஒரு புள்ளி வைத்த கட்டம் போட்ட தாள். ஒரு கண்ணை மூடிப் புள்ளியைப் பார்த்து, தினமும் என்ன தெரிகிறது என்று எழுதி வையுங்கள் என்று நோயாளிகளிடம் கொடுப்போம். இனி இந்த டைரி அதற்குத்தான், வேறு கவிதை எழுத அல்ல.)

17 ஜூன், திங்கள்

நான்கு கோடு. அம்மாவின் எண்ணிலேயே மூன்றாவது தடவையாகப் படம் எடுத்தேன், நீர் கூடியிருக்கிறது.

காலையில் அம்மா முற்றத்தில் உட்கார்ந்து மோர் மிளகாயைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். சும்மா ஒரு பரிசோதனைக்கு வலது கண்ணை மூடிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுடைய நல்ல கண் இருக்கும் பக்கம் நீரில் கரைந்த மாதிரி கலங்கிப் போய்விட்டது. மிச்சமிருந்தது பொய்க்கண் மட்டும். இமைக்காமல் அது என்னையே பார்த்தது. ஆஸ்பத்திரியில் பொருத்திவிட்ட பிளாஸ்டிக் அது, தினமும் காலையில் டம்ளர் தண்ணீரில் நான்தான் அலசிக் கொடுக்கிறேன். ஒருநாளும் அதைக் கண்டு பயந்ததில்லை.

"என்னட்டி கண்ணடிக்க?" என்று சிரித்தாள் அம்மா.

20 ஜூன், வியாழன்

"தண்ணிய டம்ளர்ல ஊத்துதியா, பலகையில ஊத்துதியா?" என்றாள் அம்மா. தூக்கக் கலக்கம் என்றேன். மணி ஏழரை, குளித்து முடித்துத் தலை பின்னியாகிவிட்டது. அம்மா என் பின்னலை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பலகையைத் துடைத்தாள்.

24 ஜூன், திங்கள்

மாட்டிக்கொண்டேன்.

பழைய கேமராவில் எடுத்த படத்தை நாமாக அனுப்பினால்தான் டாக்டருக்குப் போகும். இந்தப் புதுச் சனியன் எடுத்தவுடன் தானாகவே அனுப்பிவிடுகிறது. இன்ஜினியர் அன்றைக்கே சொன்னானாம். ரெஸ்டு என்று அவன் சொன்ன கடுப்பில் நான் காதில் வாங்கவில்லை.

டாக்டர் ஹெப்சிபா கூப்பிட்டு, "பூரணம், இந்த முப்பிடாதி யாரு? மூணு வாட்டி படம் எடுத்திருக்கு, ஒவ்வொரு வாட்டியும் தண்ணி கூடிட்டே போகுது. நான் பாத்ததா ஒரு சீட்டுகூட இல்லையே?" என்றார்.

"வெளியூர் மேடம். சொல்லி விடுறேன்."

"உடனே வரச் சொல்லு. எண்பத்தெட்டு நம்பர்ல்லா, பழைய ஃபைல் இருக்கும். சுடலைமுத்துட்ட தேடச் சொல்லுறேன்."

நான் பதினைந்து நிமிடம் கழிப்பறையில் நின்றுவிட்டு வந்து இருபத்தாறு பேருக்குப் படம் எடுத்தேன்.

27 ஜூன், வியாழன்

ஆவண அறை சுடலைமுத்து அண்ணன் மதியம் என் அறை வாசலில் வந்து நின்றார், உள்ளே வரவில்லை. கையில் செல்லரித்த கோப்பு. நெற்றி முழுக்கத் திருநீறு.

"தங்கச்சி, இந்த அம்மாவுக்கு எண்பத்தெட்டுலயே எடது கண்ண எடுத்துட்டாக. இதுல எழுதிருக்கு. எடுத்துப் போட்ட கண்ணு இப்ப எப்படிம்மா படத்துல வருது?"

அவர் எட்டி நின்றபடியே சட்டைப் பையிலிருந்து ஒரு சிட்டிகை திருநீற்றை எடுத்துக் கேமராவின் தலையில் விழும்படி வீசிவிட்டு டாக்டர் அறைக்குப் போனார். வேறு நாளாக இருந்தால் லென்ஸில் தூசி விழுந்ததற்குச் சண்டை பிடித்திருப்பேன்.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். அவர் மேசையில் அந்தக் கோப்பு திறந்திருந்தது. அந்தக் காலத்தில் இங்கே கேமரா ஏது, கண்ணுக்குள் பார்த்ததைக் கலர் பென்சிலால் வரைந்து வைப்பார்கள். வட்டத்துக்குள் சிவப்பு, நீர் கோத்த இடத்துக்கு நீலம். நரம்புக்கும் மையத்துக்கும் நடுவில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேடு. அதன் பக்கத்தில் கம்ப்யூட்டரில் என் படம். இடம் அதே இடம், அளவு அதே அளவு, நீர் இறங்கியிருக்கும் பக்கம்கூட அதே பக்கம். படத்தைப் பார்த்து வரைந்தார்களா, வரைந்ததைப் பார்த்து எனக்குள் யாரும் செய்து வைத்தார்களா என்று தோன்றியது. எனக்கே இப்படித் தோன்றினால் சுடலைமுத்து அண்ணனை என்ன சொல்ல.

டாக்டர் கோப்பின் மேலிருந்த விலாசத்தைத் தொட்டு, "இது உங்க அம்மாதான?" என்றார், தலையாட்டினேன். பிறகு கருவியைக் காட்டி, "நாடிய வை" என்றார்.

வைத்தேன். அழுகையும் வந்தது. ஆனாலும் இமைக்காமல் வைத்திருந்தேன், பழக்கம்.

ஸ்கேன், கை நரம்பில் மஞ்சள் சாயம் ஏற்றிப் படம், எல்லாம் நாலு மணிக்குள் முடிந்தது. மூன்றாவதுதான். வெறும் ரத்தக்குழாய்க் கட்டி. "கெட்டது இல்ல பூரணம். உயிருக்கு ஒண்ணும் இல்ல, கண்ணையும் எடுக்க வேண்டாம். லேசர் வச்சு வத்த வச்சிடலாம். மூணு வாரத்துக்கு முந்தி வந்திருந்தா இன்னும் லேசு" என்று திட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. கோப்பின் கடைசித் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

எடுத்த கண்ணை வெட்டிச் சோதித்த ரிப்போர்ட். 30 ஆகஸ்ட் 1988. ரத்தக்குழாய்க் கட்டி, புற்று அணுக்கள் இல்லை. ஓரத்தில் பேனாவால் ஒரு வரி: நோயாளிக்குத் தெரிவிக்கவும். அதன் கீழே கையெழுத்து போட வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

28 ஜூன், வெள்ளி

ஒன்றும் ஓடவில்லை. டாக்டர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

ஒன்று: இது வம்சாவளியாக வருவதில்லை. தாய்க்கும் மகளுக்கும் ஒரே கண்ணில் ஒரே இடத்தில் எப்படி வந்தது என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருஷத்தில் பார்த்ததில்லையாம்.

இரண்டு: அந்தக் காலத்தில் நல்ல ஸ்கேன் கிடையாது. புற்று என்று நினைத்து இந்த மாதிரிக் கண்ணை எடுத்தது எங்கெங்கோ நடந்திருக்கிறது.

மூன்று: கர்ப்ப காலத்தில் இந்தக் கட்டி வீங்கி நீர் கசிவது உண்டு. சிலருக்குப் பிள்ளை பிறந்தபின் தானாகவே வற்றிவிடும். "மூணு மாசம் பொறுத்திருந்தா..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

"இந்த ரிப்போர்ட் உங்க அம்மாவுக்குச் சொந்தம். நானே வீட்டுக்கு வந்து சொல்லுறேன், ஆஸ்பத்திரி சார்பா மன்னிப்பும் கேக்குறேன். எப்பன்னு நீ சொல்லு."

முப்பத்தைந்து வருஷம் இருக்கன்குடிக்குப் போனவளிடம் இதைச் சொல்ல நல்ல நாள் பார்த்துக் கொடுக்க வேண்டுமாம். ரிப்போர்ட்டில் மூலையில் சிவப்பு மையில், எடுத்த கண்ணைப் போட்டு வைத்த ஜாடியின் எண்ணும் இருந்தது.

1 ஜூலை, திங்கள்

மாதிரி அறை எங்கள் மாடியிலேயே கடைசி. வெட்டி எடுத்த கண்களை மருந்தில் போட்டு வைத்த பழைய ஜாடிகள் எல்லாம் அங்கே பூட்டிக் கிடக்கின்றன. அதன் வாசலில் ஒரு பெஞ்சு, காற்று நன்றாக வரும். பதினோரு வருஷமாக அந்தப் பெஞ்சில்தான் என் மதியச் சாப்பாடு. "கண்ணு ஜாடி பக்கத்துலயாட்டி சோறு திங்க?" என்று அம்மா ஏசுவாள்.

சுடலைமுத்து அண்ணன் திறந்துவிட்டார். மூன்றாவது தட்டு, சுவரை ஒட்டிய வரிசை. உள்ளங்கை உயர ஜாடி. பாதியாக வெட்டிய கண். கருவிழி வெளுத்து, சுவர்ப் பக்கம் திரும்பி இருந்தது. உள்பக்கம் என்னைப் பார்த்திருந்ததால் மேடு நன்றாகத் தெரிந்தது. ஒரு கொத்தமல்லி விதை அளவுதான்.

நான் வந்து உட்கார்ந்து சாப்பிட்ட அத்தனை நாளும் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இது இருந்திருக்கிறது. அம்மா கட்டிக் கொடுத்த சோறு, அம்மாவின் கண். இன்று டிபன் பாக்ஸைத் திறக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

"ஏன் சாப்பிடல?" என்றாள். பசியில்லை என்றேன்.

8 ஜூலை, திங்கள்

லேசர் முடிந்தது. கையில் பச்சை மருந்து ஏற்றினார்கள், பிறகு சூடே இல்லாத ஒரு சிவப்பு ஒளி, எண்பத்து மூன்று நொடி. ஐந்து நாள் வெயில் ஒரு துளி மேலே படக் கூடாது, பட்டால் தோல் வெந்துவிடும்.

அம்மாவிடம் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. கண்ணில் சின்னக் கட்டி, கெட்டது இல்லை, லேசர் வைக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். அவள் தலையில் கை வைத்து உட்காருவாள் என்று நினைத்தேன். எழுந்து போய்ப் போர்வைகளை எடுத்தாள். வீட்டு விளக்கு பரவாயில்லை என்று டாக்டர் சொன்னதை எடுத்துச் சொன்னாலும் கேட்கவில்லை. ஜன்னல், வாசல், கதவிடுக்கு, சாவித்துளை, எல்லாம் அடைத்தாயிற்று.

9 ஜூலை

பகலிலேயே இருட்டு. அம்மா எங்கே இருக்கிறாள் என்று வளையல் சத்தத்தை வைத்துத்தான் தெரிகிறது. அவளுக்கு இருட்டு பழக்கம் போலிருக்கிறது, ஒரு பாத்திரத்தையும் தட்டவில்லை.

10 ஜூலை

பகல் சாப்பாட்டுக்குப் பின் படுத்திருந்தேன். சத்தமே இல்லை. அவள் தூங்குகிறாள் என்று நினைத்தேன். பக்கத்திலிருந்தே குரல் வந்தது. எவ்வளவு நேரமாக அங்கே உட்கார்ந்திருந்தாளோ.

"ஏட்டி பூரணம். ஒனக்கு எடது கண்ணுதான?"

"ஆமா."

"கட்டிதான?"

"ஆமாம்மா."

"ஒனக்கு வெளிச்சத்தக் காட்டி வீட்டுக்கு அனுப்பிட்டாக. எனக்கு ஏன் எடுத்தாக?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு நாளாகப் பதிலும் தயாராக வைத்திருந்தேன்.

"ஒனக்கு வந்தது வேறம்மா. கெட்டது."

"சரி" என்றாள். வளையல் சத்தம் எழுந்து அடுப்படிக்குப் போயிற்று.

11 ஜூலை

பொய்க்கண் டம்ளரிலேயே கிடக்கிறது. எடுத்து மாட்டவில்லையா என்றேன். உறுத்துதாம்.

13 ஜூலை, சனி

போர்வையெல்லாம் இறக்கியாயிற்று. வெளிச்சத்தில் அம்மாவைப் பார்த்தேன். இடப்பக்கம் இமை உள்ளே ஒட்டி, ஐந்து வயது கூடிவிட்டது போல் இருந்தாள். டம்ளர் தண்ணீரை மாற்றி வைத்தேன். இன்னும் உறுத்துதாம்.

2 ஆகஸ்ட், வெள்ளி

நீர் முக்கால்வாசி வற்றிவிட்டது. கட்டத்தில் இரண்டு கோடு மட்டும் லேசாக வளைகிறது. டாக்டர் ஹெப்சிபா, "அம்மாட்ட?" என்றார். இன்னும் நாள் வரவில்லை என்றேன்.

16 ஆகஸ்ட், வெள்ளி

ஆடிக் கடைசி வெள்ளி. நான் லீவு போட்டுப் பூவும் தேங்காயும் வாங்கி வைத்திருந்தேன். அம்மா குளித்து வந்து மிளகாய் காம்பு கிள்ள உட்கார்ந்துவிட்டாள்.

"இருக்கன்குடிக்கு?"

"இந்த வருசம் வேண்டாம்."

முட்டிவலியாம். போன வாரம் இரண்டு குடம் தண்ணீரை மாடிக்குச் சுமந்தவள். வயசாகிவிட்டது, வேறென்ன.

19 ஆகஸ்ட், திங்கள்

இன்று காலை டிபன் பாக்ஸோடு ஹார்லிக்ஸ் பாட்டிலையும் என் பையில் வைத்தாள்.

"இது எதுக்கும்மா?"

"எங்கண்ணு அங்கன இருக்கா?"

தலையாட்டினேன்.

"நீ சோறு திங்காம வந்தேல்லா ஒருநா, அன்னைக்கே நெனச்சேன். எத்தன வருசமா அங்கன சாப்பிட்டுட்டு வார, அன்னைக்கு மட்டும் அப்படியே திரும்பி வந்துச்சே." நல்ல கண்ணால் என்னை நேராகப் பார்த்தாள். "கெட்டதுன்னு சொன்னேல்லா, அது பொய்தான? நல்ல கண்ணுதான எனக்கு?"

"நல்ல கண்ணுதாம்மா."

அழுவாள், ஏசுவாள், சாமி படத்தைத் தூக்கி எறிவாள் என்று என்னவெல்லாமோ நினைத்திருந்தேன். அவள் என் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"புத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. அப்ப நீயும் எங்கண்ணத் திங்கல" என்றாள். "ஊரு சொன்னது பூராம் பொய். அது போதும் எனக்கு. பாட்டில எங்கண்ணு பக்கத்துல வச்சிரு."

தெரு முனை வரைக்கும் அழுதுகொண்டே போனேன். டாக்டர் சொன்ன மூன்றாவதை அவளிடம் சொல்லவில்லை. நான் வயிற்றில் இருந்ததால்தான் அது வீங்கியது. நான் பிறந்ததும் ஒருவேளை தானாகவே வற்றியிருக்கும். அதைச் சொல்ல மாட்டேன். டாக்டரிடமும் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, வீட்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

20 ஆகஸ்ட், செவ்வாய்

நேற்று சாவி கிடைக்கவில்லை. இன்று சுடலைமுத்து அண்ணன் திறந்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார். ஜாடிக்குப் பக்கத்தில் பாட்டிலை வைத்தேன். உள்ளே வெள்ளிக் கண்கள் சரிந்து அடங்கும்வரை சத்தம் கேட்டது. சுவரைப் பார்த்திருந்த ஜாடியை மெதுவாகத் திருப்பி வைத்தேன். பிறகு பெஞ்சை உள்ளே இழுத்துப் போட்டு, அங்கேயே உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டேன்.

மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டாள்.

"வச்சிட்டியா?"

"வச்சிட்டேன்."

"எந்தப் பக்கம் பாத்து இருக்கு?"

"வாசலப் பாத்து, நான் உக்காருத எடத்தப் பாத்து."

"நல்லதாப் போச்சு" என்றாள் அம்மா. "நீ இன்னும் என்னத்த மறைக்கன்னு அது பாத்துக்கிடும்."